டச்பேட் கெட்டுப்போகவில்லை, நைனா

நைனா,

மூன்று நாளாக உன் நம்பரை எடுப்பதும் போனைக் கீழே வைப்பதுமாக இருக்கிறேன். நீ எடுத்து "சொல்லுப்பா" என்றால் என் வாயில் வரப்போவது "சாப்டியா" என்ற ஒரு சொல்தான். அது எனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். முப்பது வருஷம் ஃபேக்டரியில் ஷிஃப்ட் முடிந்ததும் எந்த மோட்டார் நின்றது, ஏன் நின்றது, யார் சரி செய்தது என்று லாக்புக் எழுதிய கை இது. பேசும்போது சுற்றி வளைப்பேன். எழுதும்போது கொஞ்சம் நேராக வரும் என்று நம்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னாய். அயனம்பாக்கத்தில் உன் மாமனார் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு வீடு பார்த்தாகிவிட்டது, அடுத்த மாதம் பால் காய்ச்சிக் குடி போகிறோம் என்று. ஏன் நைனா என்று கேட்டதற்கு, "பட்டாபிராம்ல நம்ம வீட்ல உக்காந்தா லேப்டாப்ல வேலையே ஓட மாட்டேங்குதுப்பா. தீபாவுக்கும் அங்க ஒரு பயம் கீது. பாப்பா வேற தவழ ஆரம்பிச்சிட்டா" என்றாய். நான் "சரி, உங்க இஷ்டம்" என்றேன். வைத்துவிட்டேன். உன் அம்மா இன்னா சொன்னான் என்று கேட்டாள். வேலை வசதிக்காகப் போகிறானாம் என்று பாதியை மட்டும் சொன்னேன். மீதிப் பாதியை மறைத்தேன். ஏனென்றால் நீ சொன்ன இரண்டு காரணத்துக்கும் நான்தான் காரணம்.

முதலில் அந்த லேப்டாப்பைப் பற்றிச் சொல்கிறேன். உனக்கும் தீபாவுக்கும் நடந்த கல்யாணத்துக்கு உன் மாமனார் வாங்கிக் கொடுத்தது. பளபளவென்று அலுமினியத்தில், சாப்பாட்டுத் தட்டு கனம் கூட இல்லாமல். சீர்வரிசையில் பாத்திரத்துக்கும் பழத்துக்கும் நடுவில் அதை வைத்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் எல்லாரும் அதைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். அன்றைக்கு நான் உனக்குப் போட்ட மோதிரத்தை ஒருத்தரும் பார்க்கவில்லை. நீயும் பார்க்கவில்லை. மேடையிலேயே லேப்டாப் மூடியைத் திறந்து பார்த்தாய். எனக்கு அப்போதே வயிறு எரிந்தது. இதில் வெட்கப்பட இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது, எழுதிவிடுகிறேன்.

கல்யாணமாகி ஒரு வாரத்தில் தொல்லை ஆரம்பித்தது. நீ வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து அம்பத்தூர் கம்பெனிக்கு டிராயிங் போட்டுத் தருகிறவன். கோட்டை ஒரு இடத்தில் நிறுத்த விரலை எடுத்தால், அம்புக்குறி பாட்டுக்கு எகிறிக் குதித்து மூலைக்குப் போனது. தானாக எதையோ அமுக்கியது. திறக்காத ஜன்னல் திறந்தது. நீ என்னவெல்லாம் செய்தாய் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் ஹாலில் பேப்பர் படிப்பது போல் நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியால் டச்பேடைத் துடைத்தாய். செட்டிங்ஸில் போய் வேகத்தைக் குறைத்தாய், கூட்டினாய், அணைத்துப் போட்டாய். டிரைவர் சாஃப்ட்வேரைக் கழற்றி மறுபடி ஏற்றினாய். தீபா, "கை வேர்க்குது, அதான்" என்று சொல்லி உன் விரலில் பவுடர் போட்டுவிட்டது. இந்தியில் ஒருத்தன் பேசிய வீடியோவை இரண்டு பேரும் புரியாமலே முழுதாகப் பார்த்தீர்கள். மௌஸ் ஒன்று வாங்கி வந்து செருகினாய். மௌஸ் நகர்ந்தது, ஆனால் டச்பேடும் தன் பங்குக்குத் துள்ளிக்கொண்டே இருந்தது. கடைசியில் டச்பேடையே அணைத்துவிட்டு, இரண்டு நிமிஷம் வேலை பார்த்துவிட்டு, மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு சொன்னாய்:

"இதுமேல கை வெச்சாலே எறும்பு ஓடற மாதிரி கீதுப்பா. சார்ஜரை உருவிட்டா ஒண்ணும் இல்ல. போட்டா திரும்பி ஆரம்பிக்குது."

அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. நீ எறும்பு என்று சொன்னதற்கு எங்கள் தொழிலில் ஒரே ஒரு அர்த்தம்தான். வீட்டுக்கு எர்த் இல்லை. கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் வழி எங்கோ அறுந்திருக்கிறது. மண்ணுக்குப் போக வேண்டியது லேப்டாப்பின் உடம்பில் நின்று உன் கையில் ஊர்கிறது. டச்பேடுக்கு எது விரல், எது கரண்ட் என்று தெரியாமல் அது தவிக்கிறது. டச்பேடில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு என் வீட்டில். எலக்ட்ரீஷியன் கட்டி, எலக்ட்ரீஷியனே வயரிங் செய்த வீட்டில்.

மறுநாள் நீயும் தீபாவும் வேலைக்குப் போன பிறகு, உன் அம்மா மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து, டெஸ்ட் லாம்பை எடுத்தேன். ஒரு ஹோல்டர், ஒரு பல்பு, இரண்டு வயர், அவ்வளவுதான் அது. ஒரு வயரைக் கரண்ட் வரும் லைனிலும் இன்னொன்றைப் பிளக் பாயின்ட்டின் பெரிய எர்த் ஓட்டையிலும் செருகினால் பல்பு பளிச்சென்று எரிய வேண்டும். எரியவில்லை. ஹாலில் எரியவில்லை, சமையலறையில் எரியவில்லை, பாத்ரூம் பக்கம் வாஷிங் மெஷின் பாயின்ட்டில் எரியவில்லை. பல்பு போயிருக்குமோ என்று மாற்றிக்கூடப் பார்த்தேன். உள்ளுக்குள் காரணமும் தெரியும். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் வாசலில் பார்க்கிங் டைல்ஸ் போட்டோமே, அதுதான். சம்பந்தி வீட்டார் கார் வந்து நிற்கும்போது வாசல் மண்ணாகக் கிடக்கக் கூடாது என்று எனக்கு ஒரு ரோஷம். மேஸ்திரி எர்த் குழாயைக் காட்டி, "அண்ணாத்தே, இது நடுவுல துருத்திகினு கீது, இன்னா பண்றது? ஒரு சேம்பர் கட்டி மூடி போட்டு உடட்டா?" என்று ஒழுங்காகத்தான் கேட்டான். நான்தான், "மூடியெல்லாம் அசிங்கமா இருக்கும்பா. தட்டி இறக்கி டைல்ஸ் போட்டுடு, அப்பால பாத்துக்கலாம்" என்றேன்.

கேட்கிறாயா நைனா? வெயில் காலம் பிறந்தால் ஃபேக்டரியில் ஒவ்வொரு எர்த் குழிக்கும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, மீட்டர் வைத்து ரீடிங் எடுத்து, பக்கத்துப் பலகையில் தேதி எழுதிய ஆள் நான். ஒரு குழியில் அளவு கூடினால் அந்த ஷெட்டையே நிறுத்துவேன். ஆபீசர் வந்து கத்தினாலும் ஓட விடமாட்டேன். அந்த ஆள் தன் வீட்டுக் குழியின் மேல் சாம்பல் நிற டைல்ஸ் போட்டு, அதன் மேல் கோலமும் போட வைத்தான். உன் மாமனார் காரை விட்டு இறங்கி, "வாசல் ரொம்ப நீட்டா இருக்கு சம்பந்தி" என்றார். அதைக் கேட்டு நான் பட்ட பெருமைக்கு அளவே இல்லை.

சரி, பல்பு எரியவில்லை என்று தெரிந்ததும் அன்றே டைல்ஸை உடைத்திருக்க வேண்டும். உடைக்கவில்லை. சாயங்காலம் நீ வந்து, "இன்னாப்பா, எதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்டாய். நான் வாய் கூசாமல், "லேப்டாப்தான் மட்டம் நைனா. கிஃப்ட்டுனா கடையில இருக்கறதுலயே மட்டமா பாத்துதான் தள்ளுவாங்க" என்றேன். சொல்லும்போது எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா? மேடையில் எல்லாரும் தொட்டுப் பார்த்த அந்தச் சாமான் இப்போது ஒன்றுக்கும் ஆகாதது. நீ முகம் சுருங்கி அதை மூடி வைத்தாய். அதைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனால் திருப்தியாகத்தான் இருந்தது.

இது எனக்குப் புதுப் புத்தியும் இல்லை. நீ ஆறாவது படிக்கும்போது நாம் குவார்ட்டர்ஸில் இருந்தோம். உன் சைக்கிள் செயின் கழன்று, நான் டியூட்டியில் இருந்ததால் எதிர் பிளாக் மாமா மாட்டிக் கொடுத்தார். ராத்திரிச் சாப்பாட்டின்போது "அந்த மாமா ஒரே நிமிஷத்துல மாட்டிட்டாருப்பா" என்று கண் விரியச் சொன்னாய். மறுநாள் காலையில் நீ எழும் முன் நான் அந்தச் செயினைக் கழற்றி, எண்ணெய் போட்டு, நானே மறுபடி மாட்டினேன். நீ ஏறிப் போகும்போது வித்தியாசம் ஒன்றும் தெரியாமல் போனாய். அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. உனக்கு எது ரிப்பேர் ஆனாலும் நீ என் முகத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று நினைத்தே வளர்த்திருக்கிறேன். உனக்கும் இப்போது ஒரு மகள். நாளைக்கு அவள் எதையாவது தூக்கிக்கொண்டு வேறு யாரிடமோ ஓடுவாள். அப்போது உனக்குக் கோபம் வந்தால் அந்த ஆள் மேல் காட்டு, பரவாயில்லை. அவள் கையில் இருக்கும் பொருளைக் கெட்டது என்று மட்டும் சொல்லிவிடாதே.

பிறகு நடந்தது உனக்குத் தெரிந்த பாதி. நீ மாமனாரிடம் பில் கேட்டாய். அந்த மனுஷன் வெயிலில் இரண்டு தடவை சர்வீஸ் சென்டருக்குப் போய் டோக்கன் வாங்கி உட்கார்ந்தார். இரண்டு தடவையும் பீஸ் நன்றாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள். வேறு சார்ஜர் மாற்றினாய். மூன்றாவது தடவை அம்பத்தூரில் ஒரு கடையில் டச்பேடையே மாற்றினாய். நல்ல டச்பேடைக் கழற்றிப் போட்டுவிட்டு இன்னொரு நல்ல டச்பேட். பட்டாபிராமுக்குக் கொண்டு வந்து செருகினால் அதே குதி. ஒரு சனிக்கிழமை மாமனார் வீட்டுக்குக் கொண்டு போனாய். அங்கே சார்ஜரில் போட்டும் கம்மென்று வேலை செய்தது. அங்கிருந்தே போன் செய்து, "இங்க சூப்பரா ஓடுதுப்பா!" என்றாய். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் இருக்கிறதே, அது என் நெஞ்சில் குத்திய மாதிரி வேறு எதுவும் குத்தவில்லை. ஒரு நாள் இரண்டு நாளானது, பிறகு வேலை நாள் முழுக்க அங்கேயே, கடைசியில் தீபாவும் அங்கேயே என்றானது.

உன் மாமனாரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஃபேன் ரெகுலேட்டர் எந்தப் பக்கம் திருப்பினால் வேகம் கூடும் என்று தெரியாதவர். டியூப் லைட் மின்னினால் ஆள் கூப்பிடுகிறவர். பேத்திக்குப் பேர் வைத்த அன்று அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். விருந்துக்கு வந்தவன் பின்பக்கம் போய் எதைத் தேடினேன் என்று நினைக்கிறாய்? அவர் வீட்டு எர்த் குழியை. செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் இருந்தது. தினமும் அவர் செடிக்கு ஊற்றும் தண்ணீர் வழிந்து நேராக அந்தக் குழிக்குள் போகிறது. அது என்ன என்றுகூட அவருக்குத் தெரியாது. "ஏதோ போர் குழாய்னு நெனச்சேன் சம்பந்தி" என்றார். நான் ஒரு எர்த் குழியைப் பார்த்துப் பொறாமைப்பட்டு நின்றேன். அவர் அப்போதுதான் மெதுவாக என் பக்கத்தில் வந்து, "அந்த லேப்டாப்ப நான் இன்னும் நல்லா விசாரிச்சு வாங்கியிருக்கணும். மாப்பிள்ளைக்கு ரொம்ப சிரமமாப் போச்சு. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நானும் பெரிய மனுஷன் மாதிரி, "அதனால இன்னா, உடுங்க" என்றேன்.

இதுவரைக்கும் எழுதியது சின்னத்தனம். இனிமேல் எழுதப்போவதை அப்படிச் சொல்லித் தள்ள முடியாது. நீங்கள் இன்னும் இங்கே இருந்தபோது, ஒரு காலையில் தீபா ஈரக் கையோடு வாஷிங் மெஷினைத் தொட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டு வந்தது. "மாமா, மெஷினைத் தொட்டா சுருக்குனு இழுக்குதுங்க." நான் பேப்பரை மடிக்காமலே, "செருப்புப் போட்டுக்கோம்மா" என்றேன். ஃபேக்டரியில் ஒருத்தன் என்னிடம் அப்படிச் சொல்லியிருந்தால் அவனைக் காலரைப் பிடித்து இழுத்துப் போயிருப்பேன். அன்று மத்தியானம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆனாலும் டைல்ஸை உடைத்தால் நீ ஏன் என்று கேட்பாய். லேப்டாப் சரியாகிவிடும். மட்டம் என்று நான் சொன்னது பொய் என்று தெரிந்துபோகும். அதற்குப் பயந்து, மெஷினை நானே ஓட்ட ஆரம்பித்தேன். ரப்பர் செருப்போடு, கட்டை விரலால் பட்டனை அமுக்கி, நான்கு பேர் துணியையும் நானே துவைத்து நானே காயப்போட்டேன். பிரிட்ஜுக்கு முன்னால் ரப்பர் மேட் வாங்கிப் போட்டேன். உன் அம்மா, "இன்னாத்துக்கு இப்போ இந்த மேட்டு?" என்று கேட்டதற்குத் தரை வழுக்குகிறது என்றேன். தீபா அவங்க அம்மாவிடம் போனில், "எங்க மாமாவே எல்லார் துணியும் துவைக்கிறாரும்மா, என்னைத் தொடவே விட மாட்டேங்கறாரு" என்று பெருமையாகச் சொன்னது எனக்குக் கேட்டது. அந்தப் பெண் என்னை நல்லவன் என்று நினைத்தது.

திங்கட்கிழமை காலையில் உளியும் சுத்தியும் எடுத்து வாசலை உடைத்தேன். நான்கு டைல்ஸ் போயின. மேஸ்திரி குழாயைத் தட்டி இறக்கியதில் வயரைப் பிடித்திருந்த கிளாம்ப் உடைந்து, வயர் தனியாக அறுந்து கிடந்தது. உன் அம்மா சத்தம் கேட்டு வந்து, "பைத்தியம் புடிச்சிதா உனக்கு?" என்றாள். அவளிடம் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். லேப்டாப் பற்றிச் சொன்னபோது தலையில் அடித்துக்கொண்டாள், கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தாள். மெஷின் பற்றிச் சொன்னதும் சிரிப்பு நின்றது. அது எந்த மாசம் என்று கேட்டாள். சொன்னேன். விரலை மடக்கி எண்ணினாள். "அப்போ அதுக்கு ரெண்டாவது மாசம்யா. நம்மகிட்ட இன்னும் சொல்லல, அவ்ளோதான். வயித்துல புள்ளயோட கீற பொண்ணுக்கு கரண்ட் அடிச்சிருக்குது, நீ தெரிஞ்சே பேப்பர் பட்ச்சிகினு இருந்தியா?" என்றாள். எழுந்து உள்ளே போய்விட்டாள். இந்தக் கணக்கு எனக்கும் முன்பே தெரியும் நைனா. நீங்கள் வந்து நல்ல செய்தி சொன்ன அன்றைக்கே நான் மனசுக்குள் எண்ணிப் பார்த்துவிட்டேன். எண்ணிப் பார்த்துவிட்டு, லட்டு சாப்பிட்டேன்.

புதுக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு, தடியான வயர் இழுத்து, இரண்டு நாள் தண்ணீர் ஊற்றினேன். இப்போது பல்பு எல்லா அறையிலும் எரிகிறது. பழைய மெயின் போர்டில், கசிவு வந்தால் உடனே விழுந்து கரண்டை நிறுத்துகிற ஸ்விட்சும் போட்டாயிற்று. வாசல் நடுவில் சிமென்ட் மூடியோடு அசிங்கமாகத்தான் இருக்கிறது.

நேற்று உன் மாமனாருக்கு போன் செய்து, நீங்கள் கொடுத்தது நல்ல லேப்டாப், என் வீட்டில்தான் எர்த் இல்லை, தெரிந்தே மறைத்தேன் என்று சொன்னேன். கோபப்படுவார், அதை வைத்து நானும் இரண்டு வார்த்தை பேசி மனசை ஆற்றிக்கொள்ளலாம் என்றுகூட ஒரு நினைப்பு இருந்தது. அவர் முழுதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "இதெல்லாம் எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க சம்பந்தி. நம்ம வீட்டையும் ஒருவாட்டி வந்து பாத்துச் சொல்லுங்களேன், புள்ள தவழுது" என்றார். எனக்குத் தெரியாது என்பதை அந்த மனுஷன் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார். அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது. மெஷின் விஷயத்தை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அதை முதலில் கேட்க வேண்டியது தீபா.

அதனால் இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து பீரோவில் வைக்காதே. தீபாவிடம் கொடு. அது முழுக்கப் படிக்கட்டும், நீ நடுவில் நின்று "அப்பா அப்படி நினைச்சிருக்க மாட்டாரு" என்று எனக்காகப் பேசாதே. நான் அப்படித்தான் நினைத்தேன். எர்த் சரியாகிவிட்டது என்ற என் வார்த்தையையும் நம்ப வேண்டாம். வெளியிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியனை நீயே கூட்டி வா, அவன் ஒவ்வொரு பாயின்ட்டாகப் பார்க்கட்டும், நான் வாயைத் திறக்காமல் தள்ளி நிற்கிறேன். அதற்குப் பிறகும் குழந்தையை இந்த வீட்டுத் தரையில் விட தீபாவுக்கு மனசு வரவில்லை என்றால் அதைக் கட்டாயப்படுத்தாதே. அயனம்பாக்கத்திலேயே பால் காய்ச்சுங்கள். நானும் உன் அம்மாவும் பஸ் பிடித்து வந்து சாப்பிட்டுவிட்டு, பாப்பாவைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறோம். அங்கே அவள் உன் மாமனார் முதுகில் ஏறி உட்கார்ந்திருப்பாள். எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், அதற்காக ஒருத்தரும் இனி எதையும் மாற்ற வேண்டாம்.

அப்பா